வளாகத்தில் பூர்வகுடி மாணவர்களுக்குத் தனி இடம்: சண்டை எங்கே மூள்கிறது, ஏன்?

2024 மார்ச்சில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு அறிவிப்புப் பலகையின் படம் இணையத்தில் பரவியது. இந்தப் பகுதி மாவோரி, பசிபிக் தீவு மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டது, நன்றி. பலகையில் இருந்தது அவ்வளவுதான். (மாவோரிகள் நியூசிலாந்தின் பூர்வகுடிகள்.) விஷயம் உடனே அரசியலாகிவிட்டது. அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த ஆக்ட் கட்சி பல்கலைக்கழகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அப்போது துணைப் பிரதமராக இருந்த வின்ஸ்டன் பீட்டர்ஸ் அமெரிக்காவின் வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளானையே ஒப்புமைக்கு இழுத்தார். பீட்டர்ஸும் மாவோரி வம்சத்தவர்தான்.

அதே வளாகத்தில் 1988 முதல் வைபாபா மராயே என்ற மாவோரி சபை வளாகம் இருக்கிறது. செதுக்கு வேலை நிறைந்த, யார் கண்ணிலும் படக்கூடிய பெரிய வீடு. சண்டை மூண்டது அதைப் பார்த்தல்ல. மேசையும் நாற்காலியும் போட்ட ஒரு படிப்பு மூலையைப் பார்த்து.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று அடிக்கடி வரும் இதே மாதிரியான செய்திகள் பாதி புரிந்துவிடும். மீதிக்கு வரலாறும் சட்டமும் கொஞ்சம் வேண்டும்.

எந்த மாதிரி இடங்கள் இவை?

செய்திகளில் எல்லாவற்றையும் ‘தனி இடம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று வகை உண்டு.

1. சபை வீடு. பூர்வகுடிகளின் மரபுக் கட்டட வடிவில், அவர்களுடைய சடங்கு முறைகளோடு இயங்குவது. நியூசிலாந்தின் மராயே, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள நெடுவீடு (அங்கே லாங்ஹவுஸ் என்பார்கள்) எல்லாம் இந்த வகை.

2. ஆதரவு மையம். ஆலோசகர், உதவித்தொகை விவரம், படிக்க ஒரு அறை, கணினிகள், தேநீர் போட ஒரு மூலை. சாதாரண அலுவலகக் கட்டடத்தில் ஒரு தளத்திலோ தாழ்வாரத்திலோ இருக்கும்.

3. பூர்வகுடி நூலகம். எண்ணிக்கையில் மிகக் குறைவு.

மாணவர் தினசரி வாழ்க்கையில் அதிகம் புழங்குவது இரண்டாவது வகையில்தான். வழக்கும் வம்பும் வருவதும் அங்கேதான்.

கூடுவதே குற்றமாக இருந்தது

எல்லா மாணவருக்கும் பொதுவாக நூலகமும் உணவகமும் இருக்கும்போது தனியாக எதற்கு? நியாயமான கேள்வி. பதிலுக்குக் கனடாவின் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

1876ல் கனடா கொண்டுவந்த ‘இந்தியர் சட்டம்’ பூர்வகுடிகளை அரசின் பாதுகாப்பில் உள்ள மைனர்கள்போல நடத்தியது. அதில் ஒரு விசித்திரமான பிரிவு இருந்தது. ஒரு பூர்வகுடி நபர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, மருத்துவரானாலோ, வழக்கறிஞரானாலோ, பாதிரியாரானாலோ சட்டப்படி அவர் ‘இந்தியர்’ என்ற தகுதியை இழப்பார். அரசு இதை முன்னேற்றம் என்று நினைத்தது. பட்டம் வேண்டுமா, உன் சமூகத்தில் உறுப்பினராக இருக்க வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்பதுதான் நடைமுறையில் அதற்கு அர்த்தம். சில ஆண்டுகளிலேயே அந்தக் கட்டாயம் தளர்ந்தது. ஆனாலும் பல்கலைக்கழகம் என்றால் நம்மை நம்மிடமிருந்து பிரிக்கும் இடம் என்ற எண்ணம் வேரூன்ற அதுவே போதும்.

அப்புறம் 1884ல் இன்னொரு திருத்தம். மேற்குக் கரைக் குடிகளின் பாட்லாட்ச் என்ற பெருவிழா தடைசெய்யப்பட்டது. பெயர் சூட்டல், திருமணம், துக்கம், பதவியேற்பு எல்லாவற்றையும் ஊர் கூட்டிச் சாட்சி வைத்து, வந்தவர்களுக்குப் பரிசளித்து உறுதிசெய்யும் விழா அது. 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லேஜ் தீவில் நடந்த பாட்லாட்சுக்காக 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் அரசு அள்ளிக்கொண்டு போனது. சிலர் சிறைக்கும் போனார்கள். 1927ல், நில உரிமை வழக்கு நடத்தப் பணம் திரட்டுவதும் குற்றமாக்கப்பட்டது. இரண்டு தடைகளும் 1951ல்தான் நீங்கின.

இவற்றோடு உறைவிடப் பள்ளிகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை சுமார் 1,50,000 பிள்ளைகள் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு, தாய்மொழி பேசினால் அடி என்ற விடுதிகளில் வளர்க்கப்பட்டார்கள். 2008ல் கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் 94 பரிந்துரைகளை வைத்தது. கனடாப் பல்கலைக்கழகங்களில் இப்போது நடக்கும் மாற்றங்கள் பலவும் அந்த 94ஐச் சுட்டியே நியாயப்படுத்தப்படுகின்றன.

ஆக, பாட்டனோ பாட்டியோ கல்விக்கூடத்தில் மொழியை இழந்த ஒரு குடும்பத்திலிருந்து முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வரும் பெண்ணுக்கு, வளாகம் என்பது வெறும் கட்டடம் அல்ல. அங்கே தன் ஆட்களோடு சட்டப்படி கூட முடிகிறது என்பதே அவள் குடும்ப வரலாற்றில் புதுச் செய்தி.

வான்கூவரின் நெடுவீடு

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகம் மஸ்குவியம் குடியினரின் நிலத்தில் நிற்கிறது. அந்த நிலத்தை அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே 1993ல் திறக்கப்பட்டது பூர்வகுடி நெடுவீடு. பருத்த சிடார் மரத் தூண்கள், சிடார் உத்தரங்கள், பெரிய கூடம். அதே கட்டடத்துக்குள் மாணவர் ஓய்வறை, கணினி அறை, சமையலறை, குழந்தைகள் காப்பகம்.

கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். பள்ளி முடித்த கையோடு கல்லூரிக்கு வராமல், சில ஆண்டுகள் கழித்துக் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் படிப்பு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பாடம் புரியாதது அல்ல. பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லாதது. சபை வீட்டுக்குள்ளேயே காப்பகம் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. பொதுவாக இத்தகைய இடங்களைப் பற்றிப் பேசும்போது கலாசாரம், அடையாளம் என்று பெரிய வார்த்தைகளைப் போடுகிறோம். அடுப்பும் தொட்டிலும்தான் பல சமயம் ஒருவரைக் கடைசி வருஷம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

நெடுவீட்டை ஒட்டியே ஹ்வேய்ஹ்வா என்ற நூலகம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தின் ஒரு கிளைதான், யாரும் போகலாம். அதன் சிறப்பு அலமாரி வரிசையில் இருக்கிறது. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகப் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில், பூர்வகுடிகள் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ‘அமெரிக்க வரலாறு’ என்ற பிரிவுக்குள், குடிகளின் பெயர் அகரவரிசைப்படி அடுக்கப்படும். இன்றைய பூர்வகுடி ஓவியரோ வழக்கறிஞரோ பற்றிய புத்தகமும் வரலாற்று அலமாரிக்கே போய்ச் சேரும். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடிகள் அகரவரிசையால் அலமாரியின் இரு கோடிகளில் கிடக்கும்.

மோஹாக் குடியைச் சேர்ந்த பிரையன் டீர் என்ற நூலகர் 1970களில் வேறொரு வகைப்பாட்டை உருவாக்கினார். அதில் குடிகள் புவியியல் படி, அண்டை அயலாரோடு சேர்த்து அடுக்கப்படுவார்கள். ஹ்வேய்ஹ்வா நூலகம் அந்த முறையைத் தன் ஊருக்கேற்பத் திருத்திப் பயன்படுத்துகிறது. தன் ஊரைத் தேடிப் போகும் மாணவிக்குப் பக்கத்து ஊரும் அதே தட்டில் கிடைக்கும். ‘பொது நூலகம் போதாதா’ என்ற கேள்விக்கு நான் கண்ட நல்ல பதில் இதுதான். பொது என்று நாம் நினைப்பதிலும் யாரோ ஒருவருடைய வரிசைதான் இருக்கிறது.

ஆக்லாந்து: 1979 முதல் 1988 வரை

பலகைச் சண்டை நடந்த அதே பல்கலைக்கழகத்தில் முன்பு வேறொரு சண்டை நடந்தது. பொறியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் பட்டமளிப்பு வாரக் கொண்டாட்டத்தில் புல்லாடை கட்டி, உடம்பில் ஆபாசக் கிறுக்கல்கள் வரைந்து, மாவோரிகளின் ஹாக்கா ஆட்டத்தைக் கேலியாக ஆடுவது 20 ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். நிறுத்தச் சொல்லி மாவோரி மாணவர்கள் முறையிட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1979 மே 1ஆம் தேதி, ஒத்திகை நடந்துகொண்டிருந்த இடத்துக்கு ஹே டௌவா என்ற மாவோரி, பசிபிக் இளைஞர் குழு நேரே போனது. சில நிமிடக் கைகலப்பு. கைது, வழக்கு எல்லாம் தொடர்ந்தது. ஆனால் அந்தக் கேலி ஆட்டம் அதோடு முடிந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வைபாபா மராயே திறக்கப்பட்டது. அதன் சபை வீட்டின் பெயர் டானேநூயிஅராங்கி. தலைமைச் சிற்பி பாகாரிகி ஹாரிசன். உள்ளே தூண்தோறும் முன்னோர் உருவங்கள். கிராமத்து மராயே ஒரு குலத்துக்கு உரியது. வளாகத்து மராயேவுக்கு எல்லாத் திசையிலிருந்தும் மாணவர் வருவதால், பல குலங்களின் மூதாதையரையும் ஒரே கூரையின் கீழ்ச் செதுக்கியிருக்கிறார்கள். வெலிங்டனின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1986ல், ஒரு மராயே திறந்திருந்தது.

மராயேவுக்குள் வெளியார் போகலாமா? போகலாம், ஆனால் முறைப்படி. முதன்முறை வருகிறவர்கள் வாசலில் கூட்டமாக நின்று காத்திருக்க வேண்டும். உள்ளிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைப்பார். அதற்குப் பிறகே மெல்ல நடந்து உள்ளே போவார்கள். இரு தரப்பிலும் பேச்சு, பாட்டு. மூக்கோடு மூக்கு ஒற்றி வணக்கம். பிறகு சாப்பாடு. சபை வீட்டுக்குள் செருப்புக்கு இடமில்லை; உணவுக்கும் இல்லை, அதற்குத் தனி வீடு. இரவு தங்கும் வகுப்புகளும் உண்டு. வெள்ளைக்கார மாணவரும் சீன மாணவரும் அந்தக் கூடத்திலேயே மெத்தை விரித்து வரிசையாகப் படுப்பார்கள்.

இங்கே ‘உனக்கு அனுமதி இல்லை’ என்ற பேச்சே எழுவதில்லை. வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்பது மட்டும் தெளிவாக இருக்கும்.

பிரிஸ்பேன்: கணினி அறை வழக்கு

ஆஸ்திரேலியாவில் நடந்தது நேர் எதிர். குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி மாணவர்களுக்கான மையத்தின் பெயர் ஊட்ஜரூ. கவிஞரும் போராளியுமான ஊட்ஜரூ நூனுக்கல் நினைவாக வைத்தது. 2013 மே 28 அன்று அந்த மையத்தின் கணினி அறைக்குள் பூர்வகுடியல்லாத சில மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். ஊழியர் ஒருவர் அவர்கள் பூர்வகுடி மாணவர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், வளாகத்தில் வேறு கணினிகள் இருக்கின்றன என்று வெளியே போகச் சொன்னார். போனவர்களில் ஒருவர், பலகைகூட இல்லாத அறையிலிருந்து துரத்திவிட்டார்கள், பிரிவினையைப் பிரிவினையாலேயே ஒழிக்கிறார்கள் என்ற பொருளில் ஃபேஸ்புக்கில் எழுதினார். கீழே மற்றவர்களும் எழுதினார்கள்.

இனத்தின் பேரில் ஒருவரைப் புண்படுத்துவதையும் அவமதிப்பதையும் தடுக்கும் பிரிவு, இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் 18சி. அந்த ஊழியர் அதன் கீழ் புகார் செய்தார். இழப்பீடாகச் சுமார் இரண்டரை லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கோரப்பட்டது. 2016 நவம்பரில் நீதிமன்றம் மூன்று மாணவர்கள் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் நாடே இரண்டாகி, 18சி பிரிவைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை கிளம்பி, 2017ல் அந்த முயற்சி செனட்டில் தோற்றது.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று. நீதிமன்றம் தீர்த்தது ஃபேஸ்புக் பதிவுகள் 18சி பிரிவை மீறுமா என்பதை. அறையை ஒதுக்கிவைப்பது செல்லுமா என்பதை அல்ல. ‘தனி அறை சட்டவிரோதம் என்று ஆஸ்திரேலிய நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று இணையத்தில் யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படைக் கருத்து எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. சர்வதேச வழக்கில் இதைச் ‘சிறப்பு நடவடிக்கை’ என்பார்கள். பின்தள்ளப்பட்ட ஒரு குழு சம நிலைக்கு வர எடுக்கும் முயற்சி பாகுபாடு ஆகாது. நோக்கம் நிறைவேறியபின் அது தொடரக் கூடாது. 1965ல் ஐ.நா. ஏற்ற இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் இது இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின், அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) வந்தது இதே தர்க்கத்தில்தான்.

நாடுவாரியாகப் பார்த்தால்:

1. நியூசிலாந்து: 1990ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 19(2) பிரிவும், 1993ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 73ஆம் பிரிவும் இதற்கு இடம் கொடுக்கின்றன. அந்தக் குழுவுக்கு உதவி தேவை என்று நியாயமாகக் கருத முடிய வேண்டும். ‘எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஒதுக்கினோம்’ என்பது போதாது.

2. ஆஸ்திரேலியா: 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஐ.நா. உடன்படிக்கையை அப்படியே உள்ளே இழுக்கிறது.

3. கனடா: உரிமைச் சாசனத்தின் 15(2). இதை விளக்கிய முக்கியத் தீர்ப்பு 2008ல் வந்தது. ஃப்ரேசர் நதி முகத்துவாரத்தில் 24 மணி நேரம் மட்டும் மூன்று பூர்வகுடிச் சமூகங்கள் தனியாக மீன்பிடிக்க அனுமதி கொடுத்ததை மற்ற மீனவர்கள் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் அனுமதி செல்லும் என்றது. அந்த மூன்றில் ஒன்று, மேலே பார்த்த மஸ்குவியம்.

4. அமெரிக்கா: இங்கே பாதையே வேறு. பழங்குடி உறுப்பினர் தகுதி என்பது இனம் அல்ல, ஒரு அரசியல் சமூகத்தின் குடியுரிமை போன்றது என்று 1974ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் கல்வித் துறை, இன அடிப்படையிலான திட்டங்களை எதிர்த்துக் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதியபோது இந்த வித்தியாசம் முக்கியமானது. பழங்குடி அரசோடு உள்ள உறவைக் காரணமாகக் காட்டும் மையத்துக்கு வாதாட இடம் அதிகம். பொதுவாகச் ‘சிறுபான்மையினர் மையம்’ என்று பெயர் வைத்ததற்குக் குறைவு.

அமெரிக்க விவாதத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்தின் வழியாகப் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த கிட்டத்தட்ட 1.1 கோடி ஏக்கர் நிலத்தின் வருமானம் 52 பல்கலைக்கழகங்களுக்குப் போனது. டார்ட்மத் கல்லூரியின் 1769ஆம் ஆண்டு சாசனமே பூர்வகுடி இளைஞர்களின் கல்வியைத்தான் முதலில் குறிப்பிடுகிறது. முதல் 200 ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற பூர்வகுடியினர் 19 பேர். ‘எங்கள் கட்டடத்தில் அவர்களுக்கு ஏன் ஒரு அறை’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

வீடு தப்பிக்கிறது, அறை மாட்டிக்கொள்கிறது

பிரிஸ்பேனில் பலகை இல்லாததால் பிரச்சினை. ஆக்லாந்தில் பலகை இருந்ததால் பிரச்சினை. ஆக, பலகை விஷயமே அல்ல.

என் கணிப்பு இது. சபை வீட்டில் ஒழுங்கு நடத்தையைப் பற்றியது: செருப்பைக் கழற்று, அழைக்கும் வரை காத்திரு, இங்கே சாப்பிடாதே. யார் வந்தாலும் அந்த விதியைப் பின்பற்றலாம். கணினி அறையில் ஒழுங்கு பிறப்பைப் பற்றியது: நீ யார்? விருந்தாளியாக நடந்துகொள்ள அங்கே எந்த வழியும் இல்லை. மேலும், வெளியார் பார்வையில் அங்கே இருப்பது பொது அறையில் இருக்கும் அதே கணினி, அதே மேசை. தேர்வு வாரத்தில் இருக்கை தேடி அலைகிறவன் கண்ணில் அது வரலாறாகத் தெரியாது. காலி நாற்காலியாகத்தான் தெரியும். அவன் எரிச்சலை இனவெறி என்று முத்திரை குத்துவது அவசரம். அவன் அதைக் கு கிளக்ஸ் கிளான் என்று நினைத்தால், அது அதைவிடப் பெரிய அவசரம்.

அப்படியானால் எல்லா அறைகளையும் மூடிவிட்டு மராயே மட்டும் வைத்தால் போதுமா? போதாது. மாவோரிகளில் பெரும்பகுதியினர் இன்று நகரவாசிகள். மொழி தெரியாமல், மராயே முறை தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர். முன்னோர் உருவங்கள் சூழ்ந்த கூடத்துக்குள் தப்பாக ஏதும் செய்துவிடுவோமோ என்று அவர்களுக்கே கூச்சம் வரலாம். அவர்களுக்கு முதல் படி, தாழ்வாரத்து மூலையில் உள்ள அந்தச் சாதாரணப் படிப்பறைதான். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதல் ஆண்டு மாணவருக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது அங்கேதான் நடக்கும்.

நடைமுறையில் எழும் சில கேள்விகள்

1. புகை. கனடாவில் சேஜ், இனிப்புப் புல், சிடார், புகையிலை ஆகியவற்றைக் கொளுத்திப் புகை காட்டுவது பல குடிகளின் வழிபாட்டு முறை. நம் வீட்டில் சாம்பிராணி போட்டாலே அலறும் தீ எச்சரிக்கைக் கருவி அங்கேயும் அலறும். அதனால் பல பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே கட்டடப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. தனிக் காற்றோட்டம் உள்ள அறை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்டாரியோவின் புகையிலைத் தடைச் சட்டம் பூர்வகுடிகளின் மரபுப் பயன்பாட்டுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது.

2. யார் பூர்வகுடி என்று யார் சரிபார்ப்பது? கதவில் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்பது மிக மோசமான வழி. கலப்பு வம்சத்தவர் பலர் பார்வைக்கு வெள்ளையராகவே இருப்பார்கள்; தன் சொந்த மையத்தின் வாசலிலேயே ஒரு பூர்வகுடி மாணவி சந்தேகிக்கப்படுவாள்.

3. நிர்வாகம் யார் கையில்? பல்கலைக்கழகம் பட்ஜெட் போடும் எதையும் அடுத்த பட்ஜெட்டில் வெட்டலாம். உள்ளூர்க் குடியின் பெரியவர்கள் பங்குபெறும் வீட்டை அப்படிச் சுலபமாக வெட்ட முடியாது.

நியூசிலாந்தில் விஷயம் இன்னும் ஓயவில்லை. உயர்கல்வி நிறுவனங்கள் இன அடிப்படையில் சேவையோ வசதியோ ஒதுக்கக் கூடாது என்று சொல்லும் தனிநபர் மசோதா ஒன்றை ஆக்ட் கட்சி 2025ல் தயாரித்தது. அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் அடிபடுவது ஒதுக்கப்பட்ட படிப்பறைகளும் உதவித்தொகைகளும்தான். முறைப்படி வரும் யாரையும் உள்ளே விடும் மராயேவை அது தொடுவது கடினம். பல்கலைக்கழகங்களுக்கு அப்போது இருக்கும் ஒரு வழி, அந்தப் படிப்பறைகளை மராயேவின் கூரைக்குக் கீழே, மராயேவின் விருந்தோம்பல் விதிகளுக்குள் கொண்டுவருவது. இடப் பற்றாக்குறையும் செலவும் அதற்குக் குறுக்கே நிற்கும். கூச்சத்தோடு வரும் அந்த முதல் ஆண்டு மாணவரும் யோசிப்பார்.